விளையாட்டாய்ப் பிறந்த எழுத்துக்கள்



இப்பொன்விழா மலரின் அட்டையைக் கண்டவர்கள், "இந்த அலங்கார எழுத்து எந்த அச்சகத்தில் கிடைத்தது?" என்று நம்மைக் கேட்கின்றனர். அது எந்த அச்சகத்திலும் கிடைத்ததன்று. கிறிஸ்து பிறப்புக் குடிலுக்கென நம் இளைஞர் சபைப் பிள்ளைகள் தெர்மாகோல் அட்டையில் விளையாட்டாக வெட்டிய எழுத்து அது. 'ழ'கரத்திற்கு மீன் வால் வைத்தார்கள். 'ஒ'கரத்தை நட்சத்திரத்தில் முடித்தார்கள். பெரியவர்கள் சிரித்தோம். பின்னர் அவர்களே அவற்றைக் கணினியில் ஏற்றி, ஒரு முழு எழுத்துருவாக்கி நம் கையில் கொடுத்தார்கள். சிரித்த நாமே வியந்தோம்.

இப்படிக் கையால் எழுத்துச் செய்வது நம் முன்னோர்க்குப் புதிதன்று. 1578ஆம் ஆண்டில் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சேறியதை நாம் அறிவோம். அதற்கு 100 ஆண்டுகள் கழிந்த பின் நடந்த ஒன்று மதுரையோடு நெருங்கிய தொடர்புடையது. மதுரை மிஷனில் உழைத்து 1666இல் மறைந்த அந்தாம் தெ ப்ரோயென்சா அடிகளார் ஒரு தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியைத் தொகுத்திருந்தார். அதை அச்சிட, மலையாள நாட்டின் அம்பலக்காட்டில் இக்னாசியுஸ் அய்ச்சாமணி என்பவர் தமிழ் எழுத்துக்களை மரத்தில் செதுக்கித் தந்தார். 1679இல் நூல் வெளிவந்தது. காலப்போக்கில் அது கண்ணுக்கு மறைந்தது. 1954இல் தனிநாயகம் அடிகளார் வத்திக்கான் நூலகத்தில் ஒரு பிரதியைக் கண்டெடுத்தார். 1966இல் அது கோலாலம்பூரில் மறுபதிப்புப் பெற்றது. அந்த ஒரு பிரதியும் அழிந்திருந்தால் அகராதியும் இல்லை. மரத்தில் எழுத்துச் செதுக்கிய கையின் அடையாளமும் இல்லை.

ஈய எழுத்துக் காலத்தில் நம் போன்ற பங்குகளின் விழா மலர்களை அச்சுக் கோப்பவர்கள் ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி அடுக்கினார்கள். தலைப்புக்கு அலங்கார எழுத்து வேண்டுமென்றால், விளம்பரப் பலகை எழுதும் ஓவியரிடம் எழுதி வாங்கி, பிளாக் செய்ய வேண்டும். பிளாக்குக்குத் தனிச் செலவு; ஆகவே அலங்காரம் அட்டையோடு நின்றது.

வீட்டுக்குக் கணினி வந்ததும் நிலைமை மாறிற்று. எழுத்து வரைவதற்கான மென்பொருள்கள் 1980களில் தோன்றின. பொழுதுபோக்காகவே பலர் தமிழ் எழுத்துருக்களைச் செய்தனர். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆராய்ச்சி செய்துவந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம், 1990களின் தொடக்கத்தில் 'மயிலை' என்னும் எழுத்துருவை உருவாக்கி இலவசமாக வழங்கினார். அவர் முன்னின்று 1998 பொங்கல் நாளில் தொடங்கியதே, தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர்கள் தட்டெழுதி உலகுக்கு இலவசமாக அளிக்கும் 'மதுரைத் திட்டம்'. சங்கம் வளர்த்த நம் நகரின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். வீரமாமுனிவரின் தேம்பாவணியையும் இன்று அதில் படிக்கலாம். ஒருவரது ஓய்வுநேர விருப்பம் எத்துணைப் பெரிய பணிக்கு வழிதிறந்தது பாருங்கள்!

ஆயினும் இவ்விளையாட்டில் ஓர் இடர் இருந்தது. அக்கால எழுத்துருவில் இருந்தவை 256 இடங்களே. ஒருவர் 'க'வை ஆங்கிலக் 'கே' இருந்த இடத்தில் வைத்தார். மற்றொருவர் 'எஃப்' இருந்த இடத்தில் வைத்தார். ஒருவர் எழுத்துருவில் தட்டியதை இன்னொருவர் எழுத்துருவில் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும்.

இதன் கசப்பை நாமே உணர்ந்தோம். நமது வெள்ளி விழா மலரை அந்நாளில் ஒரு கடையில் இத்தகைய எழுத்துருவில்தான் தட்டெழுதினார்கள். அந்தக் குறுந்தகட்டை இப்போது திறந்தபோது, கோயில் கட்ட மண் சுமந்தவர்கள், பிடியரிசி தந்தவர்கள், முதல் பாடற்குழுவினர் ஆகியோரின் பெயர்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாகக் கிடந்தன. அந்த எழுத்துரு எது என்றும் எவருக்கும் நினைவில்லை. அவர்களுள் பலர் இன்று கல்லறைத் தோட்டத்தில் துயில்கின்றனர். நல்லவேளையாக, நம் பங்கின் மூத்த தாய் ஒருவர் தம் இரும்புப் பெட்டியில் சேலைக்கடியில் அம்மலரைக் காத்து வைத்திருந்தார். அந்தப் பிரதியைப் பார்த்தே, அலங்கார எழுத்து செய்த அதே பிள்ளைகள் எல்லாப் பெயர்களையும் மாலை நேரங்களில் அமர்ந்து மீண்டும் தட்டெழுதினார்கள்.

அந்த வேலை முடிந்ததும் பிள்ளைகள் ஒரு முடிவு செய்தார்கள். எளிது என்பதால் தங்கள் எழுத்துருவையும் முதலில் பழைய முறையிலேயே, ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் அமைத்திருந்தார்கள். அதைக் கலைத்துவிட்டு ஒருங்குறியில் புதிதாக அமைத்தார்கள். ஒருங்குறியில் ஒவ்வோர் எழுத்துக்கும் உலகெங்கும் ஒரே எண், 'க'வுக்கு 2965. 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 2010இல் தமிழக அரசும் அதை ஏற்றது. இனி மீன் வால் எழுத்துரு தொலைந்தாலும் சொல் தொலையாது. வேறு எழுத்துருவில் அதே பெயர் அப்படியே தெரியும். அழகு ஆடை போன்றது, மாற்றிக்கொள்ளலாம். பெயரை மாற்ற முடியுமா?

ஆகவே பங்கு மக்களுக்கு இரு வேண்டுகோள். பழைய மலர்கள், திருமண ஓலைகள், அன்பியப் பதிவேடுகள் உங்கள் பெட்டிகளில் இருந்தால் பங்கு அலுவலகத்திற்குக் கொண்டுவாருங்கள். படியெடுத்துத் திருப்பித் தருவோம். அடுத்து, பிள்ளைகள் எழுத்தோடு விளையாடினால் தடுக்காதீர்கள். இம்மலரின் கடைசிப் பக்கங்களில், மீட்டெடுத்த அப்பெயர்கள் அனைத்தையும் பிள்ளைகளின் எழுத்திலேயே அச்சிட்டிருக்கிறோம். உங்கள் தாத்தா பாட்டி பெயரைத் தேடிப் பாருங்கள்.