சுரண்டிக் கல்

முப்பத்திரண்டு வருஷம் ராணிப்பேட்டையில் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவன் நான். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து வரும் தோலில் ஒட்டியிருக்கும் சதையை எடுப்பதுதான் முதல் பத்து வருஷம் என் வேலை. சாய்த்து வைத்த கட்டையின் மேல் தோலைப் போட்டு, இரண்டு பக்கமும் பிடி வைத்த வளைந்த கத்தியால் மேலிருந்து கீழே தள்ள வேண்டும். கத்தி மழுங்கினால் சதை வராது. கொஞ்சம் சாய்ந்தால் தோல் கிழியும், மேஸ்திரியிடம் பாட்டு கேட்க வேண்டும். பிறகு மெஷின் வந்துவிட்டது. ஆனாலும் எந்த விளிம்பைக் கண்டாலும் கட்டைவிரலால் தடவிப் பார்க்கும் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை.

போன வருஷம் ஒன்பதாவது படிக்கும் பேத்தியோடு பூண்டிக்குப் போனேன். வாலாஜா ரோட்டில் ரயில் ஏறி, திருவள்ளூரில் இறங்கி, அங்கிருந்து பஸ். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வந்து நின்றது எங்கள் வாலாஜா ரோட்டில்தான். இதைச் சொல்லாமல் நான் எந்த ரயிலிலும் ஏறுவதில்லை என்பது பேத்தியின் புகார்.

பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் கட்டியது. அதன் பக்கத்தில் தொல்லியல் துறை 1985இல் தொடங்கிய சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. சிலை, செப்பேடு என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். முக்கால்வாசியும் கல். கைக்கோடரி, பிளக்கும் கருவி, செதில், சுரண்டி.

“தாத்தா, இது ரோட்டு ஜல்லி மாதிரிதானே இருக்கு?”

அவள் கேட்டதில் தப்பில்லை. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ராணுவ மைதானத்துக்குப் பக்கத்துச் சரளைக் குழியில் கிடந்ததும் எல்லோர் கண்ணுக்கும் ஜல்லிதான். 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபுட் கண்ணுக்கு மட்டும் அது மனிதன் செதுக்கிய கோடரியாகத் தெரிந்தது. பிரான்சில் சோம் ஆற்றுச் சரளையில் கிடைத்த கல் கருவிகள் மனிதன் செய்தவையே என்று 1859இல் இங்கிலாந்து அறிஞர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதைப் படித்திருந்தவர் இங்கேயும் சரளையைக் கிளறினார். பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகள் எல்லாம் சார்னோக்கைட் என்ற கருங்கல். கையில் கிடைத்ததோ குவார்ட்சைட். உள்ளூர்க் குன்றில் இல்லாத கல் அங்கே எப்படி வந்தது? நிலவியல்காரனுக்குத்தான் அந்தக் கேள்வி முதலில் எழும். அதே வருஷம் செப்டம்பர் 28 அன்று அவரும் வில்லியம் கிங்கும் பூண்டிக்குப் பக்கத்து அத்திரம்பாக்கத்தில் இதே வகைக் கருவிகளைக் குவியலாகப் பார்த்தார்கள். பாலாற்றுக்கு வடக்கே உள்ள சென்னை, வடஆற்காடு பகுதிகளின் நிலவியலைப் பற்றி ஃபுட் எழுதிய நூல் 1873இல் வந்தது. அவர் சேர்த்த கருவிகள் பிற்பாடு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. அதுவும் 1851இல் ஆயிரத்துச் சொச்சம் பாறைத் துண்டுகளை வைத்துத் தொடங்கிய இடம்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் கல்லைப் பார்த்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெளியே சாலை போடக் கொட்டியிருந்த குவியலிலிருந்து வழவழப்பான கூழாங்கல் இரண்டை எடுத்துவந்தேன். வீட்டில் முதலில் நம்மூர்க் கருங்கல்லை உடைத்தேன். சுமார் 250 கோடி வருஷத்துப் பாறை. அதில் வெள்ளை, கறுப்பு, இளஞ்சிவப்பு என்று மணிகள் ஒவ்வொன்றும் ஒரு வகை. அடித்தால் ஆளுக்கொரு பக்கம் பிய்ந்து பொருபொருவென்று உதிர்கிறது. குவார்ட்சைட் வேறு சாதி. அது பழைய மணல். அழுத்தத்திலும் சூட்டிலும் மணலுக்கு மணல் ஒட்டி ஒரே உடம்பாகிவிட்டது. திருத்தணி தாண்டினால் தெரியும் நகரி மலை இந்தக் கல்தான். அத்திரம்பாக்கத்துக்காரர்களுக்குப் பக்கத்து அல்லிக்குளி மலையிலேயே கூழாங்கல்லாகக் கிடைத்தது. ஓரத்தில் சாய்த்து ஓங்கித் தட்டினேன். ஏழெட்டு அடி வீண். அதற்கடுத்த அடியில் சிப்பி மாதிரி ஒரு செதில் தெறித்து விழுந்தது. வழக்கம்போல விளிம்பைத் தடவினேன். கட்டைவிரல் கிழிந்து ரத்தம்.

மறுநாள் கறிக்கடையில் ஓர் ஆட்டுத்தோல் வாங்கி, அந்தச் செதிலால் சுரண்டிப் பார்த்தேன். சவ்வு சுருண்டு வந்தது. கத்தி அளவுக்குச் சுத்தம் இல்லை, ஆனால் வந்தது. அத்திரம்பாக்கத்து ஆட்கள் எதைச் சுரண்டினார்கள், தோலையா, மரத்தையா என்று நான் சாதிக்க மாட்டேன். அந்த விளிம்பு தோலுக்குத் தோதானது என்று மட்டும் என் தொழில் சாட்சியாகச் சொல்வேன்.

எங்கள் ஊருக்கும் அத்திரம்பாக்கத்துக்கும் இன்னொரு உறவும் உண்டு. அத்திரம்பாக்கம் இருப்பது கொசத்தலை ஆற்றுப் படுகையில். வாலாஜாவுக்குப் பக்கத்தில் 1858இல் கட்டிய பாலாற்று அணைக்கட்டு, காவேரிப்பாக்கம் ஏரிக்குத் தண்ணீர் திருப்புகிறது. ஏரி நிரம்பினால் உபரி கொசத்தலையில்தான் சேர்கிறது. அந்த ஆற்றுக்கு விருத்த க்ஷீரநதி என்றும் பெயர் இருந்தது. பழைய பாலாறு என்று அர்த்தம். ஒரு காலத்தில் பாலாறே அந்த வழியாக ஓடியது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அத்திரம்பாக்கத்தில் செதுக்கிய கல் கண்ணில் பட்டால் குனிந்து பாருங்கள், பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். 1999 முதல் அங்கே தோண்டிய சாந்தி பப்பு குழுவினர், அடியில் கிடைத்த கருவிகளுக்கு ஏறக்குறைய 15 லட்சம் வயது என்று 2011இல் வெளியிட்டார்கள். வெயிலில் கிடக்கும் கல்லில் விண்கதிர் பட்டு அலுமினியம்-26, பெரிலியம்-10 உண்டாகும். கல் ஆழத்தில் புதைந்ததும் அது நின்றுபோய், இருப்பது இரண்டு வேகத்தில் சிதையும். அந்த மிச்சத்தையும் கல் கிடந்த மண் அடுக்கையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டார்கள். வீட்டு அலமாரிக்கு வந்துவிட்ட கல்லுக்கு மண் அடுக்கு கிடையாது.