ஹேங்கர் தோன்றிய கதை

வேட்டி, சேலை, சாரோங் ஆகியவை மடித்து வைக்கும் துணிகள். அவற்றுக்கு ஹேங்கர் வேண்டுவதில்லை. தோளும் கையும் வைத்துத் தைத்த கோட்டின் நிலை வேறு. அதனை ஆணியில் மாட்டினால் கழுத்தருகே துணி புடைத்துத் தோள் குலைந்துவிடும். கோட்டு அணிந்த மேனாட்டாருக்கே இக்கருவி முதலில் தேவைப்பட்டது.

அமெரிக்காவில் நியூ பிரிட்டன் நகரத்து ஓ. ஏ. நார்த் என்பார் 1869இல் ஆடை மாட்டி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் கம்பி ஹேங்கருக்குரிய பெருமையைப் பலரும் ஒரு தொழிலாளிக்கே அளிக்கின்றனர். அவர் மிச்சிகன் மாநிலம் ஜாக்சன் நகரில், விளக்கு மூடிகளுக்குக் கம்பிச் சட்டம் செய்த டிம்பர்லேக் கம்பெனியில் வேலை பார்த்த ஆல்பர்ட் பார்க்ஹவுஸ். 1903இல் ஒரு நாள், கோட்டு மாட்டும் கொக்கிகள் யாவும் நிரம்பியிருக்கக் கண்டார். கையருகே கிடந்த கம்பியைத் தோள்போல் இருபுறமும் வளைத்து, நுனிகளை நடுவில் முறுக்கிக் கொக்கியாக்கி, தம் கோட்டை அதில் மாட்டினார். இஃது அவர் வழித்தோன்றல்கள் கூறும் செய்தி.

கம்பெனி அதன் பயனை உடனே உணர்ந்தது. 1904இல் காப்புரிமைக்கு விண்ணப்பம் சென்றது. பார்க்ஹவுஸ் பெயரில் அன்று. கூலியாளின் கைத்திறன் முதலாளியின் கணக்கில் ஏறுவது அக்காலத்தில் புதுமையுமன்று. இலாபம் கம்பெனிக்கே சென்றது.

துவைத்த துணியில் மடிப்பு விழாதிருக்க, கம்பியின்மேல் அட்டைக் குழல் பொருத்தும் முறைக்கு 1932இல் ஷைலர் ஹூலெட் என்பார் காப்புரிமை பெற்றார். அவர் பெயராவது பதிவேட்டில் நிற்கிறது.