தோலின் காப்பரண்

உடலிலுள்ள நீர் வெளியேறிவிடாமலும், வெளியிலுள்ள நுண்ணுயிரிகளும் வேதிப்பொருட்களும் உள்ளே புகாமலும் தோல் தடுத்து நிறுத்துகிறது. மருத்துவ அறிவியல் இதைக் காப்பரண் பணி என்கிறது. இதில் பெரும்பங்கு புறத்தோலின் உச்சியிலுள்ள கொம்புப்படலத்தைச் சேரும். உள்ளங்கை, உள்ளங்கால் நீங்கலாகப் பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். அந்த மெல்லிய படலம் இல்லையென்றால் நிலத்தில் மனிதன் உயிர்வாழ முடியாது.

இருபதாம் நூற்றாண்டின் பாதிவரை அறிவியலாளர்கள் பலர் இந்தப் படலத்தைப் பொருட்படுத்தவில்லை. நுண்ணோக்கியில் அது இழை பிரிந்து தொங்கும் செத்த உயிரணுக் குப்பையாகத்தான் தெரிந்தது. மாதிரியைப் பதப்படுத்தும் கரைப்பான்கள் உயிரணுக்களுக்கு இடையிலிருந்த கொழுப்பைக் கரைத்து எடுத்துவிட்டதே அதற்குக் காரணம். 1944இல் வின்சர், பர்ச் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் மிக எளிய சோதனை ஒன்றைச் செய்தார்கள். இறந்தவர்களின் வயிற்றுத் தோலை எடுத்து, மேற்படலத்தை உப்புத்தாளால் தேய்த்து அகற்றினார்கள். தோல் வழியே ஆவியாகும் நீரின் அளவு பல மடங்கு உயர்ந்தது. நீரைத் தடுத்துக்கொண்டிருந்தது அந்தக் ‘குப்பை’தான்.

1952இல் இர்வின் பிளாங்க் அடுத்த கேள்வியைக் கேட்டார்: தோல் ஏன் வறண்டு வெடிக்கிறது? காய்ந்து விறைத்த காய்ப்புத் துண்டுகளை எண்ணெயில் ஊறவைத்தார், அவை இளகவில்லை. நீர் ஏறியதும் வளைந்துகொடுத்தன. தோலை மென்மையாக வைப்பது நீர். எண்ணெய்ப்பூச்சு செய்வது அந்த நீர் போய்விடாமல் பிடித்துவைக்கும் வேலை. களிம்புகள் பற்றிய இன்றைய அறிவு இங்கிருந்துதான் கிளைத்தது.

படலத்தின் கட்டமைப்பைத் தெளிவாக்கியவர்களில் முதன்மையானவர் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த பீட்டர் இலையஸ். தோலை உறையவைத்துப் பிளந்து, மின்னணு நுண்ணோக்கியில் அவர் செய்த ஆய்வுகள் 1970களில் வெளிவந்தன. கெரட்டின் நிரம்பிய தட்டையான உயிரணுக்கள் செங்கற்கள். அவற்றுக்கிடையே அடுக்கடுக்காகப் படிந்த கொழுப்பு சாந்து. இந்த ஒப்புமை இன்றும் பாடநூல்களில் உள்ளது. அந்தச் சாந்தில் எடையளவில் ஏறத்தாழப் பாதி செரமைடுகள். கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும் மீதியில் பெரும்பகுதி. கீழுள்ள உயிரணுக்கள் இந்தக் கொழுப்பைத் தயாரித்து, தாம் மடியும் தறுவாயில் வெளியே கொட்டுகின்றன. ஆக, படலத்தின் உயிரணுக்கள் மடிந்தவைதான் என்றாலும், காப்பரணைக் கட்டுவது உயிருள்ள தோலே.

கொம்புப்படலம் மட்டும் போதுமா என்றால், போதாது. அதற்குக் கீழே உயிரணுக்களை ஒன்றோடொன்று இறுகப் பிணைக்கும் புரதங்கள் உள்ளன. அவற்றில் ஒன்றான கிளாடின்-1 இல்லாமல் பிறந்த எலிக்குஞ்சுகள் நீர் வற்றி ஒரே நாளில் இறந்ததை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002இல் காட்டினார்கள்.

அரணுக்கும் எல்லை உண்டு. மூலக்கூறு எடை 500 டால்டனுக்கு மேற்பட்ட பொருட்கள் நலமான தோலைக் கடப்பது அரிது. சிறிய, கொழுப்பில் கரையும் பொருட்கள் கடந்துவிடும். நிக்கோட்டின் பட்டைகள் இந்த வழியைத்தான் பயன்படுத்துகின்றன. இதன் கொடிய பக்கத்தை 1996இல் நடந்த ஒரு விபத்து காட்டியது. டார்ட்மத் கல்லூரியின் வேதியியலாளர் கேரன் வெட்டர்ஹானின் கையுறைமீது டைமெத்தில் பாதரசம் சில துளிகள் சிந்தின. அது கையுறையையும் தோலையும் ஊடுருவியது. மறு ஆண்டு ஜூனில் அவர் இறந்தார்.

இந்தத் துறையின் வரலாற்றைச் சொல்லும்போது ஹோம்ஸ்பர்க் சிறையை மறைப்பது நேர்மையாகாது. 1964இல் கொம்புப்படலத்தின் உயிரியலை விரிவாக எழுதி அதற்கு மதிப்புத் தேடித்தந்தவர் ஆல்பர்ட் கிளிக்மேன். பிலடெல்பியாவின் அந்தச் சிறையில் 1951 முதல் 1974 வரை கைதிகளின் தோலில் சோதனைகளை நடத்தியவரும் அவரே. அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். தங்கள்மீது பூசப்படுவது என்னவென்று பலருக்குச் சொல்லப்படவே இல்லை. டையாக்சினும் அதில் அடக்கம். பிலடெல்பியா நகரம் மன்னிப்புக் கேட்டது 2022இல்தான்.

ஆய்வின் பயன் எளியவர்களைச் சென்றடைந்ததற்கு டாக்கா நல்ல சான்று. 33 வாரங்களுக்குள் பிறக்கும் குழந்தைகளின் கொம்புப்படலம் முழுமையாக உருவாகியிருக்காது. தோல் வழியே கிருமிகள் இரத்தத்தில் கலந்துவிடும். வங்கதேசத்தில் குழந்தைகளுக்குக் கடுகெண்ணெய் தேய்ப்பது வழக்கம். ஆனால் கடுகெண்ணெய் அரண் சீராவதைத் தாமதப்படுத்துகிறது என்றும், லினோலியிக் அமிலம் மிகுந்த சூரியகாந்தி எண்ணெய் அதை விரைவுபடுத்துகிறது என்றும் எலிகளில் செய்த சோதனைகள் காட்டின. டாக்கா சிசு மருத்துவமனையில் கேரி டார்ம்ஸ்டாட் குழுவினர் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவிப் பார்த்தார்கள். மருத்துவமனையில் தொற்றும் நோய்கள் 41 விழுக்காடு குறைந்ததாக 2005இல் அறிவித்தார்கள். இறப்பு 26 விழுக்காடு குறைந்ததை 2008ஆம் ஆண்டின் ஆய்வுரை காட்டியது. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

கரப்பான் எனப்படும் எக்சிமா குறித்த பார்வையும் மாறியது. நோயெதிர்ப்புக் கோளாறே அதன் மூலம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மெக்லீன் குழுவினர், ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுப் பழுதுகளுக்கும் எக்சிமாவுக்கும் உள்ள வலுவான தொடர்பைக் கண்டறிந்தார்கள். இந்தப் புரதம் சிதைந்து தரும் பொருட்களே படலத்தில் ஈரத்தைப் பிடித்துவைக்கின்றன. ஐரோப்பியர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இத்தகைய பழுது உண்டு. அரண் ஓட்டையானால் ஒவ்வாமைப் பொருட்கள் உள்ளே புகுந்து நோயெதிர்ப்பைத் தூண்டும் என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

அப்படியானால் பிறந்ததிலிருந்தே களிம்பு தடவி நோயைத் தடுக்கலாமே? பிரிட்டனில் குடும்பத்தில் ஒவ்வாமை உள்ள 1,394 குழந்தைகளைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். 2020இல் வெளியான முடிவு ஏமாற்றமளித்தது. ஓராண்டு தினமும் களிம்பு தடவப்பட்டவர்களில் 23 விழுக்காட்டினருக்கும், தடவப்படாதவர்களில் 25 விழுக்காட்டினருக்கும் இரண்டு வயதில் எக்சிமா இருந்தது. சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. களிம்பு தடவியவர்களிடம் தோல்தொற்று சற்றுக் கூடுதலாகவே காணப்பட்டது. எக்சிமா ஏற்கெனவே வந்தவர்களுக்கு ஈரப்பதக் களிம்பு இன்றும் அடிப்படைச் சிகிச்சை. வருமுன் தடுக்கும் வழிதான் பிடிபடாமல் இருக்கிறது.