கல்லீரல் தழும்பைக் காணும் கலை

முழங்காலில் பட்ட காயம் ஆறிய பின் அங்கே தழும்பு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கல்லீரலிலும் அவ்வாறே தழும்பு உண்டாகிறது. மதுவோ, வைரஸ் கிருமியோ, மிகுந்த கொழுப்போ அதைப் பல ஆண்டுகள் புண்படுத்தினால், கொலாஜன் என்னும் நார்ப் புரதம் படிந்து, மென்மையான அவ்வுறுப்பு கெட்டிப்படுகிறது. முற்றிய நிலைக்குச் சிரோசிஸ் என்று பெயர். விலா எலும்புகளுக்குப் பின்னால் மறைந்துள்ள இத்தழும்பை எப்படிக் காண்பது?

இக்கேள்வியின் வரலாற்றில் திருச்சிக்கும் இடமுண்டு. ஜி. என். ராமச்சந்திரன் இங்குள்ள தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று 1942-இல் பட்டம் பெற்றார். பின்னர் பெங்களூரில் சர் சி. வி. ராமனின் மாணவரானார். ராமன் பிறந்த திருவானைக்காவலும் திருவரங்கத் தீவில்தான் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1954-55 ஆண்டுகளில் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், கொலாஜன் மூலக்கூறு மூன்று புரி முறுக்கிய கயிறு போன்றது என்று காட்டினர். கல்லீரல் தழும்பின் முக்கியப் பொருள் அந்தக் கயிறே.

1971-இல் ராமச்சந்திரன் ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் வேறொரு கணக்கைத் தீர்த்தார். மலைக்கோட்டையைத் திருவரங்கத்திலிருந்து பார்த்தால் ஒரு வடிவம். தில்லைநகரிலிருந்து பார்த்தால் வேறொரு வடிவம். அதுபோலப் பல திசைகளில் எடுத்த எக்ஸ் கதிர் நிழல்களைக் கொண்டு, உடலின் உட்புற வெட்டுமுகத்தைக் கணக்கிட அவர்கள் விரைவான வழி தந்தனர். பின்னால் வந்த சி.டி. கருவிகள் இவ்வகை முறையைக் கையாண்டன.

ஆனால் எக்ஸ் கதிரை விழுங்குவதில் நல்ல திசுவும் தழும்புத் திசுவும் ஏறக்குறைய ஒன்றே. எனவே தொடக்கநிலைத் தழும்பு சி.டி. படத்தில் எளிதில் தெரிவதில்லை. ஊசி குத்தித் திசுவை எடுத்துத்தான் பார்த்தனர். அத்துணுக்கு கல்லீரலில் ஏறத்தாழ 50,000-இல் ஒரு பங்கு. ரத்தக் கசிவு அபாயமும் உண்டு.

கெட்டித்தன்மையையே அளந்தால் என்ன? 1995-இல் ராஜா முத்துப்பிள்ளையும் அமெரிக்க மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த மற்றவர்களும், அதிர்வலை பரவுவதைக் காந்த ஒத்ததிர்வு முறையில் படமாக்கும் வழியை வெளியிட்டனர். இன்று கல்லீரலை அளக்கும்போது, உடல்மேல் வைத்த தட்டு வழக்கமாக நொடிக்கு 60 முறை அதிர்கிறது. கெட்டியான திசுவில் அலை விரைந்து செல்லும். வேகம் இரு மடங்கானால் விறைப்பு நான்கு மடங்கு என்று கொள்க.

மருந்தைச் சோதிக்கும் ஆய்வாளருக்கு இது பெருந்துணை. பன்றியின் கல்லீரல் அளவில் மனிதருடையதை ஒத்திருப்பதால், மருத்துவமனைக் கருவியிலேயே அதைப் படமெடுக்கலாம். தழும்பின் ஒவ்வொரு கட்டத்தையும் அறியச் சில விலங்குகளைக் கொல்வதற்குப் பதிலாக, ஒரே விலங்கை மாதக்கணக்கில் தொடர்ந்து அளக்க முடிகிறது. உயிர்ப்பலி குறைகிறது, தழும்பு கூடுகிறதா, கரைகிறதா என்பதும் அதே உடலில் தெரிகிறது.

அழற்சியும் ரத்தத் தேக்கமும்கூடக் கல்லீரலை விறைக்கச் செய்யும். ஆகவே ஊசியின் வேலை முற்றும் தீரவில்லை. எனினும் அதன் தேவை குறைந்து வருகிறது. மாணவர்களே, அலைவேகச் சூத்திரத்தைத் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள். ஒரு நோயாளியை ஊசியிலிருந்து காப்பதும் அதுவே.