பெங்களூரு வீட்டு கிச்சனுக்கு எந்தத் தரை நீடிக்கும்? டைல்ஸ் கடைக்குப் போகும் முன் இதைப் படியுங்கள்

பெங்களூருவில் ஃப்ளாட் வாங்கி இன்டீரியர் வேலையை ஆரம்பித்திருக்கிறீர்களா? மாடுலர் கிச்சனுக்குப் பத்து டிசைன் பார்த்திருப்பீர்கள். தரைக்கு? ஹாலில் போட்ட அதே பளபள டைல்ஸை கிச்சனுக்குள்ளும் நீட்டிவிடுவதுதான் வழக்கம். ஆனால் தாளிக்கும்போது தெறிக்கும் எண்ணெய், சிங்க்கிலிருந்து சொட்டும் தண்ணீர், கை தவறி விழும் குக்கர் மூடி எல்லாம் ஹாலில் கிடையாது. ஊரிலிருந்து வரும் அம்மா நடக்கப்போவதும் அந்த ஈரத் தரையில்தான்.

கடையில் என்ன கேட்க வேண்டும்?

முதல் கேள்வி, நீர் உறிஞ்சும் அளவு. சர்வதேசத் தரப்படி இது 0.5 சதவீதத்தைத் தாண்டாத டைல்ஸ்தான் விட்ரிஃபைட் ரகம். சுவர் டைல்ஸில் இது 10 சதவீதத்துக்கும் மேல். மிச்சமிருக்கிறதே என்று அதைத் தரையில் ஒட்டாதீர்கள். எடை தாங்காது.

விட்ரிஃபைடிலும் வகை உண்டு. 'ஜிவிடி' என்று கடைக்காரர் காட்டுவது மேலே டிசைன் அச்சடித்து, மெல்லிய கிளேஸ் பூசியது. பார்க்க அழகு. ஆனால் குக்கர் விழுந்து ஓரம் பெயர்ந்தால் உள்ளே இருக்கும் வேறு நிறம் பல்லிளிக்கும். 'டபுள் சார்ஜ்' டைல்ஸில் நிற அடுக்கே சுமார் 3 முதல் 4 மி.மீ. தடிமன். 'ஃபுல் பாடி'யில் மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம். கிச்சனுக்கு என் ஓட்டு இந்த இரண்டுக்கும்தான்.

அடுத்தது வழுக்கல். ஜெர்மன் தரமுறை ஒன்றில் எண்ணெய் தடவிய சரிவில் ஒருவரை நடக்கவிட்டு, எத்தனை டிகிரியில் வழுக்குகிறது என்று அளப்பார்கள். ஆர்9 முதல் ஆர்13 வரை மதிப்பீடு. ஆர்9 தான் கடைசி இடம். வீட்டு கிச்சனுக்கு ஆர்10 மேட் ஃபினிஷ் போதும். அதற்கு மேல் போனால் சொரசொரப்பு கூடும், இடுக்கில் மஞ்சள்தூள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கிரானைட் போடலாமா?

தாராளமாக. அதுவும் பெங்களூருவில் இருந்துகொண்டு யோசிக்கவே வேண்டாம். நகரின் தெற்கே ஜிகணியில் கிரானைட் அறுத்து பாலிஷ் போடும் யூனிட்கள் வரிசையாக இருக்கின்றன, ஸ்லாபை நேரில் பார்த்தே எடுக்கலாம். கண்ணாடி பாலிஷ் வேண்டாம், 'லெதர் ஃபினிஷ்' கேளுங்கள். கறுப்பு நிறம் என்றால் போர்வெல் தண்ணீரின் உப்புக்கறை வெள்ளையாகத் தெரியும்.

மார்பிள், கடப்பா, கோட்டா மூன்றும் சுண்ணாம்புச் சத்துள்ள கற்கள். எலுமிச்சை, புளி பட்டால் பாலிஷ் அரித்து, மங்கிய திட்டு விழும். கிச்சனில் தவிர்ப்பது நல்லது.

பசவனகுடி, மல்லேஸ்வரம் பழைய வீடுகளில் ரெட் ஆக்சைடு தரை பார்த்து ஆசைப்பட்டிருப்பீர்கள் (எனக்கும் அந்த ஆசை உண்டு). ஜாயின்ட்டே இல்லாத தரை, காலுக்கும் குளுமை. ஆனால் கைதேர்ந்த மேஸ்திரி வேண்டும், நாள் கணக்கில் நீர் காட்ட வேண்டும், விரிசல் விட்டால் ஒட்டுப்போட்டது தெரியும். குடிபோகத் தேதி குறித்துவிட்ட ஃப்ளாட்டுக்கு ஒத்துவராது.

பலரும் கோட்டை விடும் இடம்

ஜாயின்ட். நல்ல டைல்ஸ் வாங்கிவிட்டு, இடையில் சாதாரண சிமென்ட் க்ரௌட் போட்டால் எண்ணெய் இறங்கி சீக்கிரமே கறுத்துவிடும். எபாக்ஸி க்ரௌட் விலை அதிகம், ஆனால் கறை உறிஞ்சாது. "ஜாயின்ட்டே தெரியாம ஒட்டித் தர்றேன் சார்" என்று மேஸ்திரி சொன்னால் சம்மதிக்காதீர்கள். 2 மி.மீ. ஸ்பேசராவது வைக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் ஒவ்வொரு டைல்ஸையும் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். 'டொக்'கென்று வெற்றுச் சத்தம் வந்தால் அடியில் கலவை நிரம்பவில்லை. கனமான பாத்திரம் விழுந்தால் முதலில் உடைவது அதுதான்.

எவ்வளவு வாங்குவது?

8-க்கு 10 அடி கிச்சன் என்றால் 80 சதுர அடி. வெட்டுச் சேதாரத்துக்கு 10 சதவீதம் சேர்த்தால் 88. இரண்டுக்கு இரண்டு அடி (600 மி.மீ.) டைல்ஸ் நான்கு உள்ள பெட்டி சுமார் 15.5 சதுர அடிக்கு வரும். ஆக, 6 பெட்டி. ஏழாவதாக ஒன்று வாங்கி லாஃப்டில் போட்டுவையுங்கள். எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண் ஒன்றா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள், அடுத்த பேட்ச்சில் நிறம் லேசாக மாறும்.