மாரிகுப்பத்தின் சுரங்க நெஞ்சு நோய்

கோலார் தங்கவயலின் மாரிகுப்பம் பகுதிக்கு வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் பிழைப்புத் தேடி வந்தன. தங்கம் வெண்கல் எனப்படும் குவார்ட்ஸ் பாறையில் கிடந்தது. துளைபோடும்போது எழும் சிலிக்கா தூசு கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது. மூச்சுடன் நுரையீரலின் ஆழம்வரை சென்று அங்கேயே தங்கிவிடும். எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேற்பகுதியில் சிறு வெண்புள்ளிகள் தெரியும். ஆண்டுக்கணக்கில் அவை பெருகும். இதுவே சிலிக்கோசிஸ். காசநோயும் கூடவே வருவதால் இரண்டையும் பிரித்தறிவது மருத்துவர்களுக்குப் பெரும்பாடு.

இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக 1934-இல் இங்குதான் பதிவானது. 1940–46-இல் 7,653 தொழிலாளரைச் சோதித்த ஆய்வில் 43.7 சதவீதத்தினருக்கு அது இருந்தது. ஏறக்குறைய இருவரில் ஒருவர்! நீர் பாய்ச்சித் துளையிடுவதும் காற்றோட்டமும் தூசைக் குறைத்தன. ஆனால் படிந்த தூசை எடுக்க மருந்தில்லை.

சிலிக்கா தூசு நுரையீரல் புற்றுநோயையும் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1997-இல் உறுதிப்படுத்தியது. பல தலைமுறைச் சுரங்கத் தொழிலாளருக்கு அது காலங்கடந்த செய்தி. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன.