ஊர் கூடிப் பேசிய இடங்கள்

யாழ்ப்பாண நகரத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கோட்டையிலிருந்தே தொடங்குவர். பறங்கியர் கட்டினர், ஒல்லாந்தர் அதனை ஐங்கோணமாகத் திருத்திப் பெருப்பித்தனர், 1795ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கைப்பற்றினர் என்று அந்தச் சரித்திரம் செல்லும். கோட்டையிலிருந்து வெளிவந்தவை கட்டளைகள். அக்கட்டளைகளைக் கேட்ட நகரத்து மக்கள் தம்முள் என்ன பேசினர், எங்கே அமர்ந்து பேசினர், யார் யாருக்கு அங்கே இருக்க இடம் கிடைத்தது என்பன வேறொரு சரித்திரம். நேயர்களே, இன்றைய பேச்சில் அந்த இரண்டாவது சரித்திரத்தின் சில பக்கங்களை உங்களோடு சேர்ந்து புரட்டிப் பார்க்க விரும்புகின்றேன்.

பழங்காலத்து யாழ்ப்பாணத்தில் ஊர் கூடுமிடம் கோயில் மண்டபமும் மடமுமே. அங்கே புராணபடனம் நடைபெறும். ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார், மற்றொருவர் பயன் சொல்லுவார், சுற்றியிருப்போர் கேட்பர். பயன் சொல்லுபவர் பிழைவிட்டால் கேட்டிருப்போருள் ஒருவர் குறுக்கிட்டுத் தடைசொல்வதும் உண்டு. இதனை வெறும் பக்தி முயற்சி என்று கொள்ளுவோர் அதன் ஒரு பாதியையே கண்டவராவர். ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டு, கேட்டதைப் பற்றி வாதிடும் பழக்கம் அங்கேதான் ஊன்றியது. பின்னாளிலே கிராமத்து வாசிகசாலைகளில் எழுத்தறிந்த ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, எழுத்தறியாத முதியவர்கள் கேட்டிருந்து நாட்டு நடப்பை விமரிசித்தார்களே, அது புராணபடனத்தின் மறுபிறப்பு என்பது என் துணிபு.

அச்சு வந்ததும் பேச்சு மண்டபத்துக்கு வெளியே போயிற்று. 1841ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அமெரிக்க மிஷனைச் சார்ந்தோர் உதயதாரகை என்னும் பத்திரிகையைத் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக வெளியிடத் தொடங்கினர். கிறிஸ்து சமயத்தைப் பரப்புவது அதன் நோக்கங்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் கடிதங்களுக்கு அது இடங்கொடுத்தது. தம் சமயத்தை இகழ்ந்து எழுதியவற்றைச் சைவர்கள் வாசித்தனர், வாசித்துச் சினந்தனர், சினந்ததோடு நில்லாது மறுமொழியும் எழுதினர். தம்மை மறுப்போர்க்கும் தம் தாளிலே இடங்கொடுத்த அந்தப் பத்திராதிபர்கள், தாம் கருதியதினும் பெரியதொரு காரியத்தைச் செய்துவிட்டனர்.

அவர்களுக்கு முழு விடை இறுத்தவர் நல்லூர் ஆறுமுகநாவலர். பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையிலே கற்று, அங்கேயே கற்பித்து, விவிலிய மொழிபெயர்ப்பிலும் துணைநின்ற அவர், 1847ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 31ஆந் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தமது முதற் பிரசங்கத்தைச் செய்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து. பிரசங்கம் என்பது பாதிரிமாரிடமிருந்து பெற்ற முறை. செய்யுளும் பொருளும் என்ற பழைய ஒழுங்கை விட்டு, எடுத்துக்கொண்ட ஒரு விடயத்தை உரைநடையிலே தொடர்ந்து பேசுவது அது. சுக்கிரவாரந்தோறும் அப்பிரசங்கங்கள் நடந்தன. அடுத்த ஆண்டிலே சைவப்பிரகாச வித்தியாசாலை எழுந்தது. அதன்பின் அச்சியந்திரமும் வந்தது.

நாவலரைச் சமயக் காவலராக மட்டும் நம் பாடப்புத்தகங்கள் காட்டிவருகின்றன. நகரத்தின் நடைமுறை விடயங்களிலே அவர் தலையிட்டமை எனக்கு அதனினும் சுவையாகத் தோன்றுகின்றது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் நிருவாகத்தைக் கண்டித்துத் துண்டுப்பிரசுரம் எழுதினார். ஊரிலே தமக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்று பாராமல் எழுதினார் என்பதற்கு, அவருக்கு வாய்த்த பகைவர்களின் தொகையே சான்று. 1877ஆம் ஆண்டளவிலே பஞ்சமும் பேதிநோயும் வந்தபோது கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்கு ஊட்டியதோடு, வடமாகாணத்தின் அரசாங்க அதிபராயிருந்த துவைனம் துரையின் போக்கையும் பகிரங்கமாகக் கண்டித்தார். 1879ஆம் ஆண்டிலே சட்டநிரூபண சபைக்குத் தமிழர் பிரதிநிதியாகப் பொன்னம்பலம் இராமநாதனை ஆதரிக்க வேண்டுமென்று வண்ணார்பண்ணையிலே கூட்டங் கூட்டிப் பேசினார். அவ்வாண்டு டிசெம்பரில் அவர் காலமானார். வாக்குரிமை என்பது பொதுமக்களுக்கு இல்லாத காலத்திலே, நகரத்தார் ஒன்றுகூடித் தம் விருப்பத்தை அரசாங்கத்துக்கு அறிவிக்கலாம் என்று காட்டிச் சென்றார்.

ஆனால் ஒன்றைச் சொல்லாது விடுதல் வரலாற்றாசிரியனுக்கு அழகாகாது. வண்ணார்பண்ணை மண்டபத்திலே யார் இருந்து அப்பேச்சைக் கேட்டனர்? தாழ்த்தப்பட்ட சாதியார் என்று ஊர் ஒதுக்கிவைத்த மக்களுக்கு அக்கோயிலின் வாயிலே அடைத்திருந்தது. நாவலரும் சாதியாசாரத்தை ஏற்றுக்கொண்டவரே. அதனை மறைத்து அவருக்குப் பெருமை தேடவேண்டியதில்லை. நகரத்தைப் பற்றி நகரத்தார் பேசினர் என்று நாம் பெருமிதங்கொள்ளும்போது, வீதியைக் கூட்டியவனும் துணியை வெளுத்தவனும் மரத்திலே கள் இறக்கியவனும் அந்த நகரத்தாருள் அடங்கவில்லை.

இதன்பின் பத்திரிகைகள் பெருகின. கத்தோலிக்கர் பாதுகாவலனை நடத்தினர். 1888இல் தோன்றிய சைவபரிபாலன சபை அடுத்த ஆண்டிலே இந்துசாதனத்தைத் தொடங்கிற்று. 1930இல் ஈழகேசரி வந்தது. ஒவ்வொரு சாராருக்கும் ஒவ்வொரு தாள் ஏற்பட்டதன் பயனாகத் தத்தம் வீட்டுக்குள்ளே பேசிக்கொள்ளும் வழக்கம் மிகுந்தது என்றே சொல்லவேண்டும்.

வீட்டுச் சுவர்களைத் தாண்டிப் பேசத் துணிந்தவர்கள் இளைஞர்கள். 1924ஆம் ஆண்டில் ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் மாணவர் காங்கிரசை அமைத்தனர். அது பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. 1927ஆம் ஆண்டு நவம்பரில் காந்தியடிகளை வரவழைத்தவர்களும், 1931இல் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்தவர்களும் அவர்களே. பகிஷ்காரம் சரியா பிழையா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. அதனை இங்கே நான் எடுக்கப்போவதில்லை. ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் என் மனத்தைத் தொடுவது அவர்கள் தூக்கிப்பிடித்த சம ஆசனம் என்னும் கோரிக்கையே.

அக்காலத்துப் பாடசாலைகளிலே உயர்ந்த சாதிப் பிள்ளைகள் வாங்கிலே இருப்பர். ஏனைய பிள்ளைகள் நிலத்திலே இருப்பர். சில இடங்களில் வகுப்புக்கு வெளியேயும் இருப்பர். உதவிநன்கொடை பெறும் பாடசாலைகள் எல்லாப் பிள்ளைகளையும் சமமாக இருத்தவேண்டுமென்று 1930ஆம் ஆண்டையொட்டிக் கல்விப் பகுதியார் வற்புறுத்தியபோது யாழ்ப்பாணம் கொதித்தெழுந்தது. பெரிய மனிதர்கள் மனு எழுதினர். சில ஊர்களிலே பாடசாலைக் கொட்டில்கள் இரவோடிரவாகத் தீக்கிரையாயின. ஒரு சிறுவன் வாங்கிலே இருப்பதா, நிலத்திலே இருப்பதா என்பதற்காகப் பள்ளிக்கூடத்தையே எரித்தனர் நம் மூத்தோருட் சிலர். பின்னாளிலே நமது நூல்கள் எரிந்த கதையைச் சொல்லும் நாம், இந்தத் தீயையும் சேர்த்தே சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

பாடசாலைக்கு அடுத்தபடியாகப் போராட்டம் தேநீர்க்கடைக்கு வந்தது. நகரத்துப் பேச்சுக்குத் தேநீர்க்கடையைப் போன்றதோர் இடம் வேறு ஏது? பத்திரிகை ஒரு மேசையிலே கிடக்கும். சந்தைக்கு வந்தவரும் வழக்குக்கு வந்தவரும் ஒருங்கே இருப்பர். ஆனால் ஒருவருக்கு மூக்குப்பேணியிலே தேநீர். வேறொருவருக்கோ போத்தலிலோ சிரட்டையிலோ, அதுவும் வெளியே நின்று. சிறுபான்மைத் தமிழர் மகாசபை முதலிய அமைப்புக்கள் இதனை எதிர்த்து நின்றன. 1957ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிற்று. சட்டம் வந்தபின்னும் மாவிட்டபுரத்துக் கோயில் வாயிலிலே 1968ஆம் ஆண்டிலே மக்கள் நின்று போராட வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், ஒரு வாயில் திறப்பதற்கு எவ்வளவு காலம் செல்லுகின்றது என்பது விளங்கும்.

இந்தப் பின்னணியிலே வைத்துத்தான் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் தோற்றத்தை நோக்கவேண்டும். அது ஓர் அரசன் கட்டியதன்று; ஒரு சபையார் தம் சமயத்துக்கென நிறுவியதுமன்று. 1933ஆம் ஆண்டு டிசெம்பரிலே க. மு. செல்லப்பா என்னும் பெரியார், யாழ்ப்பாணத்துக்கு இலவசமான ஒரு நூல்நிலையம் வேண்டுமென்று வேண்டுகோள் விடுத்தார். தம் வீட்டிலே தம்மிடமிருந்த நூல்களைப் பிறர் வாசிக்கக் கொடுத்துவந்தவர் அவர். அடுத்த ஆண்டு யூன் மாதத்திலே மத்திய கல்லூரி மண்டபத்தில் நகரத்தார் கூடினர். நாவலர் கற்ற பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையே மத்திய கல்லூரியாக வளர்ந்தது என்பதை இங்கே நினைவூட்டுகின்றேன். அக்கூட்டத்திலே பல சமயத்தவரும் இருந்தனர். 1934 ஓகஸ்ட் மாதம் ஆஸ்பத்திரி வீதியில், வாடகை அறை ஒன்றிலே, 844 நூல்களோடும் சில பத்திரிகைகளோடும் அந்நிலையம் திறக்கப்பட்டது. 1935ஆம் ஆண்டின் தொடக்கத்திலே அது பட்டினசபையின் பொறுப்புக்கு மாறியது.

இம்மாற்றம் சிறியதாகத் தோன்றலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. கோயில் மண்டபத்துக்கு ஆதீனகர்த்தா உண்டு. பாடசாலைக்கு முகாமையாளர் உண்டு. தேநீர்க்கடைக்கு முதலாளி உண்டு. அவரவர் விரும்பாதவரை அவரவர் வெளியே நிறுத்தலாம். பட்டினசபையின் நாற்காலி வரிப்பணத்தில் வாங்கிய நாற்காலி. அதிலே இருப்பவனை எழும்பென்று சொல்ல ஒருவருக்கும் உரித்தில்லை. இந்த எண்ணம் எல்லார் மனத்திலும் உடனே படிந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எண்ணத்துக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது.

1949இல் யாழ்ப்பாணம் மாநகரமாயிற்று. முதல் மாநகர முதல்வர் சாம் சபாபதி காலத்திலே, நூல்நிலையத்துக்கெனப் பெரியதொரு கட்டிடம் வேண்டுமென்ற முயற்சி வலுப்பெற்றது. சம்பத்திரிசியார் கல்லூரியின் லோங் அடிகளார் அம்முயற்சிக்கு உயிராயிருந்தார். நூலகவியல் மேதை இரங்கநாதன் ஆலோசனை கூறினார். சென்னையிலிருந்து வந்த கட்டிடக் கலைஞர் நரசிம்மன் திராவிடச் சிற்பமுறை தழுவி வரைபடம் அமைத்தார். களியாட்டு விழாக்களும் அதிட்டலாபச் சீட்டும் நடத்திப் பணஞ் சேர்த்தனர். சீட்டு வாங்கியவர்களுட் பலர் ஒரு நூலையும் புரட்டியிராதவர்களாயிருக்கலாம். ஆயினும் கட்டிடத்தின் ஒரு கல் தமது என்று சொல்லும் உரிமையை அவர்கள் ஐம்பது சதத்துக்கோ ஒரு ரூபாவுக்கோ பெற்றுக்கொண்டனர். 1959 ஒக்டோபர் 11ஆந் திகதி, மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பா அதனைத் திறந்துவைத்தார். அதே ஆண்டிலேதான் ஈழநாடு பத்திரிகையும் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவரத் தொடங்கிற்று. நகரம் தன்னைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு தாளும், இருந்து வாசித்துச் சிந்திப்பதற்கு ஒரு மண்டபமும் ஒரே ஆண்டிலே வாய்த்தன.

இரண்டும் சேர்ந்தே எரிந்தன. 1981ஆம் ஆண்டு, மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலை ஒட்டி, மே மாத முடிவிலும் யூன் மாதத் தொடக்கத்திலும் நிகழ்ந்த வன்செயலின்போது நூலகமும் ஈழநாட்டின் காரியாலயமும் தீயிடப்பட்டன. நூலகத்திலே ஏறக்குறைய 97,000 நூல்கள் இருந்தன. மறுபடி கிடைத்தற்கரிய ஏடுகளும் அவற்றோடு சாம்பலாயின. அத்தீயைத் தூரத்தே நின்று கண்ட தாவீது அடிகளார் என்னும் பன்மொழிப் புலவர் அவ்விடத்திலேயே வீழ்ந்து உயிர்நீத்தார்.

எரிந்த கட்டிடத்தை என்ன செய்வது? நம் நகரத்தின் பொதுப்பேச்சு கண்ட மிகக் கடினமான வினா இதுவென்பேன். இடிபாட்டை அப்படியே நினைவுச் சின்னமாக விட்டுவிட்டுப் பக்கத்திலே புதியது கட்டுக என்றனர் ஒரு சாரார். சுவருக்கு வெள்ளை பூசினால் செய்த கொடுமையும் மறைந்துவிடும் என்பது அவர்கள் அச்சம். பிள்ளைகளுக்கு வேண்டியது நூல். கரிந்த சுவரைக் காட்டி எத்தனை தலைமுறையைப் படிப்பிக்கப் போகின்றீர்கள் என்றனர் மற்றொரு சாரார். 1984இல் ஒரு பகுதி திருத்தப்பட்டுத் திறக்கப்பட்டது. போர் அதனையும் சிதைத்தது. 1990களின் பிற்பகுதியில் அரசாங்கம் மீளக் கட்டத் தொடங்கியபோது, தென்னிலங்கை மக்களிடமிருந்து நூலும் செங்கல்லும் திரட்டும் இயக்கம் ஒன்றும் நடந்தது. அது மனவருத்தத்தின் அடையாளமா, மறைப்பின் முயற்சியா என்று அன்று யாழ்ப்பாணத்திலே வாதம் எழுந்தது. இரு கட்சியிலும் நேர்மையானவர்கள் இருந்தனர்.

கட்டிடம் முன்னைய வடிவிலேயே எழுந்தது. 2003ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆந் திகதிக்குக் குறித்திருந்த திறப்புவிழா எதிர்ப்பினால் நடைபெறாது போயிற்று. பின்னர், பெருவிழா எதுவுமின்றி, நூலகம் வாசகருக்குத் திறக்கப்பட்டது. என் பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவரிடம், இடிபாட்டை விட்டிருக்க வேண்டுமா, கட்டியது சரியா என்று ஒரு முறை கேட்டேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. பாடவேளை முடிந்து மணி அடித்தபின்னும் அவர்கள் வாங்குகளை விட்டு எழும்பவில்லை. அடுத்த பாட ஆசிரியர் வாயிலிலே வந்து நின்றார்.